அரசு உத்தரவாதமா, குறைந்த பிரீமியமா?

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் தனியார் வேலை. ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம்) எடுக்கப் போகிறேன். தனியார் கம்பெனி ஒன்றில் பிரீமியம் குறைவாக இருக்கிறது. "எல்.ஐ.சி. கவர்மென்ட்டுது, மத்ததெல்லாம் எப்போ மூடுவானோ" என்கிறார் அப்பா. எதை எடுப்பது?

பதில்: அப்பாவின் பயம் காரணமில்லாதது அல்ல. 1956 வரை ஆயுள் காப்பீடு தனியார் கையில்தான் இருந்தது. பாலிசிதாரர் பணத்தைச் சில முதலாளிகள் தங்கள் சொந்தத் தொழில்களுக்குத் திருப்பினார்கள். சில கம்பெனிகள் மூழ்கியே போயின. அப்புறம்தான் 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் சேர்த்து எல்.ஐ.சி. உருவானது. எல்.ஐ.சி.யை உருவாக்கிய சட்டத்தின் 37-வது பிரிவுப்படி பாலிசித் தொகைக்கும் அறிவிக்கப்பட்ட போனஸுக்கும் மத்திய அரசே பொறுப்பு. தனியாருக்கு இது கிடையாது.

ஆனால் அரசுடையது என்பதற்காக நிர்வாகம் சுத்தமாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். தொடங்கிய மறு வருடமே முந்த்ரா என்ற வணிகரின் கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கி விவகாரமானது. அதில் பதவியை விட்டவர் நம்மூர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, அப்போது நிதியமைச்சர்.

2000-இல் தனியார் மறுபடி வந்தபோது நிலைமை வேறு. பாலிசிதாரருக்குத் தர வேண்டியதற்கு ஒதுக்கியது போக, விதிப்படி தேவையான கூடுதல் கையிருப்பைப் போல ஒன்றரை மடங்கை ஒவ்வொரு கம்பெனியும் எப்போதும் வைத்திருக்க வேண்டும். எல்.ஐ.சி.க்கும் இதே விதிதான். நிலைமை மோசமானால் ஒழுங்குமுறை ஆணையம் தலையிடும். 2023-இல் சஹாரா லைஃபின் சுமார் இரண்டு லட்சம் பாலிசிகளை எஸ்.பி.ஐ. லைஃபுக்கு மாற்ற உத்தரவிட்டது அப்படித்தான்.

முப்பது வருடம் பணம் சேர்க்கும் எண்டோமென்ட் பாலிசி என்றால் 37-வது பிரிவுக்கு நானும் மதிப்புக் கொடுப்பேன். டேர்ம் பாலிசியில் உங்கள் சேமிப்பு எதுவும் மாட்டிக்கொள்ளாது. கம்பெனி பிடிக்கவில்லையென்றால், உடம்பு நன்றாக இருக்கும்வரை, வேறு இடத்தில் புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

கிளெய்ம் சிக்குவது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில். சிகரெட், சர்க்கரை, பழைய பாலிசி எதையும் மறைக்காதீர்கள். ஏஜென்ட் "அதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்றால் ஏஜென்ட்டை மாற்றுங்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி மூன்று வருடம் கடந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் ஏதாவது நேர்ந்தால், மறைத்தது குடும்பத்தின் தலையில் விடியும்.

இன்னொரு விஷயம், பலர் கவனிப்பதில்லை. கிளெய்மை மறுத்தால் செலவில்லாமல் முறையிட சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார். அரசு, தனியார் இரண்டும் அவர் வரம்பில் வரும். ஆனால் அவர் வழங்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு 50 லட்சம். ஒரே பாலிசியாக ஒரு கோடிக்கு எடுத்தால் நுகர்வோர் ஆணையம், வக்கீல் என்று அலைய வேண்டிவரலாம்.

ஆகவே எல்.ஐ.சி.யில் 50 லட்சம், தனியாரில் 50 லட்சம் என்று பிரித்து எடுங்கள். பெரிய தொகைக்கான தள்ளுபடி கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இரண்டாவது விண்ணப்பத்தில் முதல் பாலிசியைக் குறிப்பிட மறக்காதீர்கள்.