சுருதியை ஏற்றினால் குரல் ஏன் பொம்மைக்குரல் ஆகிறது?

கேள்வி: ஆண் குரலில் பதிவான ஒலிநூல் வசனத்தைப் பெண் குரலாக்க வேண்டும். மென்பொருளில் சுருதியை ஏற்றினால் கார்ட்டூன் அணில் பேசுவதுபோல் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் ஒன்றைத் திருகினால் இரண்டு நகர்கின்றன. சுருதி, குரல்நாண்களின் வேலை. பேசும்போது அவை ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 120 முறையும் பெண்களுக்கு 200 முறையும் திறந்து மூடும். அங்கே பிறப்பது வெறும் ரீங்காரம். அதை ‘ஆ’ என்றும் ‘ஈ’ என்றும் பிரிப்பது தொண்டை முதல் உதடு வரையுள்ள குழாய். கிசுகிசுத்துப் பாருங்கள், நாண்கள் அதிராமலே இரண்டும் தனித்தனியாகக் கேட்கும்.

இந்தக் குழாய் சில அதிர்வெண்களை மட்டும் ஓங்கச் செய்யும். ஃபார்மன்ட் என்பது அவைதான். 17.5 செ.மீ. நீளமும் ஒரே சீரான அகலமும் கொண்ட குழாய், நாண்களின் பக்கம் மூடி, உதட்டுப் பக்கம் திறந்திருந்தால் அவை 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் அமையும். நாக்கு அசைந்தால் இடம் மாறும்: ஆண் குரலில் ‘ஈ’க்கு முதலிரண்டும் ஏறத்தாழ 300, 2300, ‘ஆ’வுக்கு 700, 1100.

பெண்களின் குழாய் சராசரியில் ஆறில் ஒரு பங்குதான் குட்டை. அதனால் ஃபார்மன்ட்கள் 15–20 சதவீதமே உயர்கின்றன. சுருதியோ 67 சதவீதம். பதிவை வேகமாக ஓட்டுவதுபோலச் சுருதியை ஏற்றும் முறை இரண்டையும் 67 சதவீதம் உயர்த்திவிடும். 17.5 செ.மீ. குழாய் 10.5 ஆகச் சுருங்கியது போல, சிறு குழந்தையின் தொண்டைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. அணில் அங்கிருந்துதான் வருகிறது.

இலவச மென்பொருளான ப்ராட்டில், ‘கன்வெர்ட்’ பட்டியலில் உள்ள ‘சேஞ்ச் ஜெண்டர்’ இரண்டையும் தனித்தனியாக மாற்றும். ஃபார்மன்ட் விகிதம் 1.15, புதிய சுருதி 180 ஹெர்ட்ஸ் என்று தொடங்குங்கள், போதாவிட்டால் 1.2, 200. எடுத்த எடுப்பில் 220-க்குப் போவதுதான் பலர் செய்யும் பிழை. மென்பொருள் சுருதியைத் தேடும் எல்லையை 75–300 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். மேல் எல்லை 600-லேயே கிடந்தால் 110-ஐ 220 என்று தவறாகக் கணித்து, நடுவில் ஒரு சொல் மட்டும் துள்ளும்.

வாக்கிய முடிவில் குரல் கரகரத்துத் தேய்ந்தால் நாண்களின் அதிர்வு ஒழுங்கு கெடும். எந்த அமைப்பும் அதைச் சரிசெய்யாது. அந்த வரியை மூச்சு குறையாமல் மறுபடி பேசிப் பதியுங்கள். எதிரொலிக்கும் அறையும் பின்னணி இசையும் இதே கெடுதலைச் செய்யும். இசையைக் கடைசியில் சேருங்கள்.