நிலக்கரி இருப்பு: ஒரு வகுத்தல் கணக்கு பற்றி

மதிப்பிற்குரிய ஐயா,

மின் தேவை பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பட்டியல்படி 2022 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டின் நிலக்கரி வளம் 36,141 கோடி டன். ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வெட்டுகிறோம். வகுத்துப் பார்த்தால் முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்குக் கவலையில்லை. அப்படியிருக்க, ஆண்டுதோறும் இருபது கோடி டன்னுக்கு மேல் ஏன் இறக்குமதி செய்கிறோம்? தட்டுப்பாடு வரக்கூடும் என்று தாங்கள் எழுதியது மிகை அல்லவா? திட்டமிடுவோர் வேறு எந்த எண்ணைக் கையாள வேண்டும் என்கிறீர்கள்?

ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தந்த எண்கள் சரியானவை, வகுத்தலிலும் பிழையில்லை. ஆனால் 36,141 கோடி என்பது பூமிக்குள் இருப்பதாகப் புவியியலாளர் கணித்த கல்லின் எடை. 100 கோடி என்பது ரயில் பெட்டியில் ஏறிவிட்ட எரிபொருளின் எடை. வயலில் நிற்கும் பயிரை வைக்கோலோடு சேர்த்து நிறுத்துப் பார்த்து, இத்தனை நாள் சோற்றுக்கு ஆகும் என்று சொல்வதைப் போன்றது இது.

அந்த மொத்தத்தைப் பிரித்துப் பார்த்தால் 18,711 கோடி டன் 'நிரூபிக்கப்பட்டது', 14,725 கோடி டன் 'சுட்டப்பட்டது', 2,705 கோடி டன் 'ஊகிக்கப்பட்டது'. இந்தப் பிரிவினை 1957-இல் வகுக்கப்பட்ட இந்திய நடைமுறையிலிருந்து வருவது. கரியைத் தேடிப் பூமியில் இடும் துளைகளுக்கு இடையிலான தூரமே இதன் அளவுகோல். ஏறத்தாழ நானூறு மீட்டருக்கு ஒரு துளை போட்டிருந்தால் நிரூபிக்கப்பட்டது, ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று என்றால் சுட்டப்பட்டது என்று கொள்ளலாம். பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் துளையிட்டு எடுத்த கல் மாதிரிகளின் பெட்டிகளுக்கு நடுவே கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லைப் போல வெளியாரை ஏமாற்றிய சொல் எங்கள் தொழிலில் வேறில்லை. அங்கே கரி இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை. அதை எடுக்க முடியுமா, எடுத்தால் என்ன விலை ஆகும், அதன் மேல் யார் குடியிருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்குள் அது போவதே இல்லை.

இந்தியக் கணக்கு 1,200 மீட்டர் ஆழம் வரை போகிறது. நாம் வெட்டும் கரியில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து, அதாவது மேல்மட்டத்திலிருந்து வருகிறது. ஆழத்தில் இருப்பதை எடுக்க நிலத்தடிச் சுரங்கம் வேண்டும். அங்கே கூரை இடிந்து விழாமல் தாங்குவதற்குக் கரியையே தூண்களாக விட்டுவைக்கும் முறைதான் நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கியது; தூணில் நின்றுபோன கரி பல சுரங்கங்களில் வெட்டிய கரிக்குச் சளைத்ததல்ல. ஜார்க்கண்டின் ஜரியாவில் 1916 முதலே பதிவாகியிருக்கும் தீ இன்னும் அடுக்குகளுக்குள் கனன்றுகொண்டிருக்கிறது. அதே கரியின் மேல் ஊரும் சாலையும் ரயில் பாதையும் இருக்கின்றன. இவை போதாதென்று, ஏற்கெனவே வெட்டி எரித்துச் சாம்பலாகிவிட்ட கரியை இந்தப் பட்டியல் நீண்ட காலம் கழித்ததே இல்லை. தாத்தா விற்றுவிட்ட நிலத்தையும் பேரன் சொத்துப் பட்டியலில் எழுதிவைப்பதுண்டல்லவா, அந்த மாதிரி.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்தால் என்ன மிஞ்சும் என்பதற்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஒரு கணக்கு நல்ல சான்று. வயோமிங் மாநிலத்தின் கில்லெட் வயல் அந்நாட்டின் மிகப் பெரிய நிலக்கரி வயல். அங்கே முதலில் இருந்த வளம் ஏறத்தாழ 20,100 கோடி அமெரிக்க டன். தொழில்நுட்பப்படி எடுக்கக்கூடியது 7,700 கோடி. அன்றைய விலையில் நட்டமில்லாமல் எடுக்கக்கூடியது சுமார் 1,000 கோடி மட்டுமே. தடித்த அடுக்குகள், சீரான கிடப்பு, குறைந்த மக்கள்தொகை என எல்லா வசதியும் உள்ள வயலிலேயே இருபதில் ஒன்றுதான் தேறியது. விலை ஏறினால் அந்த ஆயிரம் கூடும், இறங்கினால் குறையும். ஆகையால் இருப்பு என்பது கல்லைப் போலவே சந்தையையும் சார்ந்தது.

ஜெர்மனி இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு. அங்கே கருநிலக்கரி இருப்பு 2,300 கோடி டன் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2004-ஐ ஒட்டி மறுமதிப்பீடு செய்தபோது அது 18.3 கோடி டன்னாகச் சுருங்கியது. பூமிக்குள் எதுவும் காணாமற்போகவில்லை, அளவுகோல்தான் மாறியது. பிரிட்டனில் கரி தீர்ந்துவிடும் என்று பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865-இல் எச்சரித்தார். அதன் பின்னர் அமைந்த அரச ஆணையம் 1871-இல் நாலாயிரம் அடி ஆழம் வரை 14,600 கோடி டன் இருப்பதாக ஆறுதல் சொன்னது. உற்பத்தி 1913-இல் சுமார் 29 கோடி டன்னைத் தொட்டு உச்சம் கண்டது. கடைசி ஆழ்சுரங்கம் 2015-இல் மூடப்பட்டது. ஆணையம் எண்ணிய கரியில் பெரும்பகுதி இன்னமும் அங்கேயேதான் கிடக்கிறது.

உங்கள் வகுத்தலில் மற்றொரு மறைவான அனுமானம் உண்டு: நுகர்வு இன்றைய அளவிலேயே நிற்கும் என்பது. ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வளர்ந்தால், நீங்கள் தந்த 36,141 கோடியை ஒரு டன்கூடக் குறைக்காமல் எடுத்துக்கொண்டாலும், முந்நூற்று அறுபது ஆண்டுகள் சுமார் அறுபதாகச் சுருங்கிவிடும். கிரித் பாரிக் தலைமையில் திட்டக்குழு அமைத்த வல்லுநர் குழு 2006-இல் எடுக்கத்தக்க இருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, இதே ஐந்து விழுக்காட்டு வளர்ச்சியில் அது ஏறத்தாழ 45 ஆண்டுகளில் தீரும் என்று எழுதியது. அந்த வளர்ச்சி அப்படியே நீடிக்கும் என்று நான் சொல்லவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மூன்றரை நூற்றாண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஓர் அனுமானத்துக்குள் ஒளிந்திருப்பதைத்தான் சொல்கிறேன்.

இறக்குமதிக்கு வருகிறேன். டன்னுக்கு டன் கரி ஒன்றல்ல. நம் மின் நிலையங்களுக்குப் போகும் கரியில் 35 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல் இருப்பது வழக்கம். கிலோவுக்கு நாலாயிரம் கிலோகலோரி கிடைத்தால் அதிகம். எஃகு ஆலைக்குத் தேவையான தரமான கோக்கிங் கரிக்கு ஜரியாவை விட்டால் நமக்கு வேறு வயல் இல்லை. ஆகவே ஆலைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கின்றன. குஜராத்தின் முந்த்ராவில் உள்ளதைப் போன்ற கடலோர நிலையங்களின் கொதிகலன்கள் தொடக்கத்திலேயே வெளிநாட்டுக் கரிக்கென வடிவமைக்கப்பட்டவை. தமிழக அனல்மின் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்சேர் கரி ரயிலில் பாராதீப் வந்து, கப்பலில் எண்ணூரோ தூத்துக்குடியோ வந்து இறங்க வேண்டும். தால்சேரில் மலையாகக் குவிந்திருந்தாலும், ரயில் பெட்டி கிடைக்காத வாரத்தில் எண்ணூருக்கு அது இல்லாத கரிதான்.

நம் ஊர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாட்டின் பழுப்பு நிலக்கரி வளத்தில் ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது; அதில் பெரும்பகுதி மன்னார்குடி வயலில், காவிரி டெல்டாவின் நெல் வயல்களுக்கு அடியில். வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று தொகுதிகள் ஏலப் பட்டியலில் இடம்பெற்றபோது எழுந்த எதிர்ப்பில், 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு அவற்றை விலக்கிக்கொண்டது. தேசியப் பட்டியலில் அந்தக் கரி வளமாகத் தொடரலாம். அதை நம்பி மின் நிலையத்துக்குக் கடைக்கால் போட முடியாது.

வேறு எந்த எண் என்று கேட்டிருக்கிறீர்கள். ஐக்கிய நாடுகள் 1997-இல் தந்த வகைப்பாடு பொருளாதாரம், செயல்திட்டம், புவியியல் அறிவு என மூன்று அச்சுகளில் ஒவ்வொரு படிவுக்கும் குறியீடு தருகிறது. மூன்று அச்சிலும் முதல் நிலையான 1 என்ற எண்ணைப் பெற்ற '111' கரியை மட்டும், வயல் வாரியாக, டன்னில் அல்லாமல் கலோரியில், எந்த ஆண்டில் எந்த நிலையத்துக்கு என்ன விலையில் வந்து சேரும் என்ற அட்டவணையாக எழுதிக் கேட்பேன். அது ஒரே எண்ணாக இராது. பல பக்கங்கள் பிடிக்கும்.

அன்புடன்.