போல்ட் ஏன் இறுகுகிறது?

கேள்வி: சிறு விலங்கு வேட்டைக்கு .22-250 ரகத் தோட்டா சுடும் ரைஃபிள் வைத்திருக்கிறேன். தோட்டாக்களை நானே நிரப்புகிறேன். ஐந்தாவது முறையாக அதே பித்தளைக் கூடுகளில் அதே வெடிமருந்தை, அதே எடையில், தோட்டா நிரப்பும் கையேட்டின் உச்ச அளவுக்குக் குறைவாகவே போட்டேன். சுட்ட பிறகு போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் கைப்பிடித் தண்டு) தூக்கவே முடியவில்லை. மருந்து கெட்டுவிட்டதா?

பதில்: மிச்சமிருக்கும் தோட்டாக்களில் ஒன்றைக்கூடச் சுடாதீர்கள். மருந்தைச் சந்தேகிக்கும் முன் கூட்டின் நீளத்தை அளந்து பாருங்கள்.

என் .220 ஸ்விஃப்ட்டில் எனக்கும் இதே கதிதான். 1935-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த ரகம் அது. அன்று மாலை முழுக்கத் தராசையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தராசில் தப்பே இல்லை. காலிப்பர் என்ற அளவுக்கருவியில் கூட்டைப் பிடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 2.205 அங்குலத்தைத் தாண்டக் கூடாத கூடு, தாண்டியிருந்தது.

சுடும்போது கூடு விரிகிறது; நாம் அச்சில் போட்டு அமுக்குகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் பித்தளை, குண்டைப் பிடித்திருக்கும் கழுத்துப் பக்கமாக நகர்ந்து நீள்கிறது. நீளம் எல்லை மீறினால் கழுத்தின் விளிம்பு, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் முனையில் முட்டி, குண்டைக் கவ்விக்கொள்ளும். குண்டு விடுபட முடியாமல் அழுத்தம் எகிறும். இதற்கு மருந்தின் எடை மாறியிருக்கவே வேண்டியதில்லை.

உங்கள் ரகத்துக்கு உச்ச நீளம் 1.912 அங்குலம். 1.902-க்கு வெட்டி, பிசிறு நீக்கி, கையேட்டின் தொடக்க மருந்து அளவிலிருந்து மறுபடி ஏறி வாருங்கள். நீளம் சரியாகவே இருந்தாலும் தொடக்க அளவுக்குத்தான் திரும்ப வேண்டும். ஏனென்றால் வெயிலில் காய்ந்த தோட்டாவும், துப்பாக்கியின் சூடான அறையில் ரொம்ப நேரம் கிடந்த தோட்டாவும்கூட அழுத்தத்தை ஏற்றும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கழுத்தில் சேர்ந்த பித்தளை கூட்டின் அடிப்பக்கத்திலிருந்து போனதுதான். மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி உள்சுவரில் இழுங்கள். வழுவழுவென்று வர வேண்டும். அடிக்குச் சற்று மேலே ஒரு பள்ளத்தில் நுனி சிக்கினால், அடுத்த வெடியில் கூடு அங்கேயே இரண்டாகப் பிளக்கக்கூடும். சூடான வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும். அப்படி ஒன்று கிடைத்தால் குறடால் நசுக்கிப் போட்டுவிடுங்கள். அதே சுற்றில் ஓடிய மற்றக் கூடுகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள்.