ஐந்தாவது கோர்ட், ஆறாவது கோர்ட்

அன்புள்ள சார்,

என் மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் நான்கு வருடம் படித்து, இந்த மே மாதம் பட்டம் வாங்கினாள். கூடப் படித்தவர்கள் கம்பெனிகளில் சேர்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் வேறொரு சிறிய பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணிக்கு அசிஸ்டன்ட் கோச்சாகப் போகிறேன் என்கிறாள். எட்டு வயதிலிருந்து அவளை விடிகாலையில் ஸ்கூட்டரில் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டவன் நான். எனக்கு டென்னிஸ் மேல் கோபம் இல்லை. ஆனால் 'அசிஸ்டன்ட்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. பந்து பொறுக்கிப் போடவா இத்தனை செலவு செய்தோம் என்று என் மனைவி கேட்கிறாள். நீங்கள் அங்கே இருந்தபோது கல்லூரி டென்னிஸ் நிறையப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள ஐயா,

பந்து பொறுக்கும் வேலையும் அதில் உண்டு. ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுவது, வேன் ஓட்டுவது, ஹோட்டல் அறை பதிவு செய்வது, ராத்திரி உட்கார்ந்து எதிரணியின் வீடியோ பார்ப்பது எல்லாம் உண்டு. முதலில் அவள் உண்மையில் எங்கே நிற்கப்போகிறாள் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் அங்கே இருந்த வருடங்களில் வசந்த காலத்துச் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக மைதானத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். நாம் டிவியில் பார்க்கும் டென்னிஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முதலில் மூன்று டபுள்ஸ் ஒரே நேரத்தில் நடக்கும். அதில் இரண்டை ஜெயிக்கும் அணிக்கு ஒரு பாயிண்ட். அப்புறம் ஆறு கோர்ட்டில் ஆறு சிங்கிள்ஸ், அதுவும் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட். ஏழில் நான்கை யார் முதலில் எட்டுகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். ஒரு கேமில் இருவரும் 40-40 என்று சமமாகி டியூஸ் ஆனால், இரண்டு பாயிண்ட் முந்தவேண்டும் என்கிற அட்வான்டேஜ் கிடையாது, அடுத்த பாயிண்டிலேயே கேம் முடிந்துவிடும். கோச் கோர்ட்டுக்குள் வந்து பக்கத்திலேயே நிற்கலாம், பாயிண்டுகளுக்கு நடுவே பேசலாம்.

ஆறு ஆட்டம் ஒன்றாக நடக்கும்போது ஒரு ஹெட் கோச்சால் எத்தனை இடத்தில் நிற்க முடியும்? நான் பார்த்த அணியில் அவர் பெரும்பாலும் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் முதல் கோர்ட்டுகளின் பக்கம் இருப்பார். கூட்டமும் அங்கேதான். ஐந்தாவது, ஆறாவது கோர்ட் பக்கம் அசிஸ்டன்ட் நிற்பார். மூன்றுக்கு மூன்று என்று வந்து, கடைசியாக ஆறாவது கோர்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஒரு மாலையை நான் மறக்கவே மாட்டேன். மைதானம் மொத்தமும் எழுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு முதலாமாண்டுப் பெண், கை நடுங்க சர்வீஸ் போடப் போகிறாள். அவள் திரும்பிப் பார்த்தது ஹெட் கோச்சை அல்ல, இரண்டு மணி நேரமாகக் கூடவே நின்ற அசிஸ்டன்ட்டை. அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் தலையாட்டியது தெரிந்தது.

இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். யாரை எந்த இடத்தில் ஆட வைப்பது என்று முடிவு செய்கிற ஆளிடம் ஒரு மாணவி எல்லாவற்றையும் சொல்லமாட்டாள். தோள் வலிக்கிறது, வீட்டு ஞாபகமாக இருக்கிறது, பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டேன் என்பதெல்லாம் முதலில் அசிஸ்டன்ட் காதுக்குத்தான் வரும். உங்கள் மகள் பதினெட்டு வயதில் தனியாக விமானம் ஏறிப் போனவள். அந்த அணிக்கு வரும் வெளிநாட்டுப் பெண்களுக்கு அவளைவிட நல்ல காது யாரிடம் இருக்கும்?

பெயர் சொல்லிக் காட்டவும் ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் கல்லூரிகளின் தேசிய ஒற்றையர் பட்டத்தை ஜெயித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது அங்கே ஹெட் கோச் பிரையன் போலண்டுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் டோனி பிரெஸ்கி. பிறகு வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஹெட் கோச்சாகி, 2018-இலும் 2025-இலும் தேசிய அணிப் பட்டத்தை வாங்கிக்கொடுத்தார். 2025 அணியில் நம் தமிழ்நாட்டுப் பையன் தக்ஷினேஸ்வர் சுரேஷ் இருந்தார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மனுவேல் டியாஸ், டான் மகில் என்ற பெரிய கோச்சிடம் 1980-களில் ஆறேழு வருடம் அசிஸ்டன்ட்டாக இருந்துவிட்டு அதே அணியை ஏற்றார். முப்பது வருடத்துக்கு மேல் நடத்தி நான்கு தேசியப் பட்டம் ஜெயித்தார். இப்படி மேலே போகாமல் அசிஸ்டன்ட்டாகவே இருந்து ஓய்வு பெறுகிறவர்களும் உண்டு. அவர்களைத் தோற்றவர்களாக நான் நினைக்கவில்லை.

சரி, கஷ்டத்தையும் சொல்லவேண்டும். எனக்கு நெடுநாள் வருத்தம் தந்த விஷயம் ஒன்று. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனின் டென்னிஸ் அணிகளில் ஹெட் கோச், ஒரு அசிஸ்டன்ட் என்று இரண்டு பேருக்குத்தான் சம்பளம் தர விதி இடம் கொடுத்தது. மூன்றாவது ஆள் 'வாலண்டியர்'. காலையிலிருந்து இரவு வரை அதே வேலை, சம்பளம் கிடையாது. தனியாக வகுப்பு எடுத்தும், கோடைகால முகாம் நடத்தியும் வயிற்றைக் கழுவவேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் தாக்குப்பிடிக்க முடியும். வெறும் அநியாயம் அது. 2023 ஜூலையில் அந்த வகையையே எடுத்துவிட்டார்கள், இப்போது மூன்றாவது ஆளுக்கும் சம்பளம் தரலாம். தரலாம் என்பதுதான் விதி, தந்தே ஆகவேண்டும் என்பதல்ல. அதனால் அவள் சேரும் இடத்தில் முழுநேரச் சம்பளமா, பகுதிநேரமா, மேல்படிப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் 'கிராஜுவேட் அசிஸ்டன்ட்' இடமா என்பதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

விசாவும் முக்கியம். படிப்பு முடித்ததும் ஓபிடி என்று ஒரு வருடம் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் வேலை அவள் படித்த பாடத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்கவேண்டும். விளையாட்டு மேலாண்மையோ உடலியக்கவியலோ படித்திருந்தால் சுலபம். அக்கவுன்டிங் என்றால் சிக்கல். அதன்பின் ஹெச்-1பி என்ற வேலை விசா. கம்பெனிகளுக்கு அதைக் குலுக்கல் முறையில் தருகிறார்கள். பல்கலைக்கழக வேலைகள் அந்தக் குலுக்கலுக்குள் வராது என்பது நல்ல செய்தி, ஆனால் பல்கலைக்கழகம் விண்ணப்பிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். இதை இன்றே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

டென்னிஸ் அணிகளின் நிலைமையும் முன்போல் இல்லை. கோவிட் வந்த 2020-இல் பல இடங்களில் அணியையே கலைத்தார்கள். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று ஆகிவிட்டது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு அமெரிக்க ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் டென்னிஸில் வேலைக்குச் சேர்கிறவளுக்கு அந்த விளையாட்டின் மேல் எவ்வளவு பிரியம் இருக்கவேண்டும்! அந்தப் பிரியத்தை ஐந்து மணி ஸ்கூட்டரில் வளர்த்தவர் நீங்கள்.

முதல் சீசன் ஜனவரியில் சூடுபிடிக்கும். அவள் போனில் பேசும்போது ஜெயித்தீர்களா என்று கேட்பதோடு, எந்தக் கோர்ட் பக்கம் நின்றாய், யார் ஆடினாள் என்றும் கேளுங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்