அழகிரிசாமியின் துண்டு

வணக்கம் ஐயா,

போன வாரம் கரண்ட் போன ஒரு ராத்திரி, செல்போன் வெளிச்சத்தில் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ அந்த மனுஷனுக்குத் துண்டு?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உத்தி எதுவுமே இல்லாமல் இவ்வளவு சாதாரணமாக எழுதுகிறவர் இதை எப்படிச் செய்கிறார்? அடுத்து எந்தக் கதையை வாசிக்கலாம்?

வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கதையின் அச்சாணியில் கை வைத்துவிட்டார்.

கதையைப் படிக்காதவர்களுக்காக: தீபாவளிக்கு முந்தைய இரவு, சிரங்கு பிடித்த அநாதைப் பையன் ஒருவன் தாயம்மாளின் குடிசைக்கு வருகிறான். பெயர் ராஜா. அவனைக் குளிப்பாட்டியாயிற்று, உடுத்தத் துணி இல்லை. புருஷனுக்கென்று வாங்கிய துண்டு ஒன்று இருக்கிறது. தாயம்மாள் தயங்க, மகள் மங்கம்மாள்தான் அதைக் கொடுக்கச் சொல்கிறாள். அவ்வளவுதான். புருஷன் என்ன சொல்வான் என்று அழகிரிசாமி பேசவே இல்லை. அந்த இடத்தை உங்கள் அம்மாவுக்கு விட்டுவைத்திருக்கிறார்.

உத்தி இல்லை என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. தொடக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். பணக்கார வீட்டு ராமசாமியும் தாயம்மாளின் மகன் செல்லையாவும் பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, யாரிடம் படம் இருக்கிறது என்று போட்டி போடுகிறார்கள். அப்புறம் அது 'எங்க வீட்டில் இருக்கு, உங்க வீட்டில் இருக்கா' என்று வளர்கிறது. சும்மா பிள்ளை விளையாட்டு என்று நாமும் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். கடைசியில் ராமசாமி தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமையடிக்க (அது அவர்கள் வீட்டு மாப்பிள்ளை), மங்கம்மாள் எங்கள் வீட்டுக்கும்தான் என்கிறாள். அவள் தத்துவம் பேசவில்லை. முதலில் தொடங்கிய விளையாட்டில் தன் முறை வந்தது, ஆடினாள்! முதல் பக்கத்தில் அந்தப் போட்டி இல்லையென்றால் இந்த வரி பிரசங்கமாகியிருக்கும்.

இத்தனைக்கும் மனுஷர் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தவர், கம்பனில் ஊறியவர். ஒரு உவமையை எடுத்து வைக்கத் தெரியாதா? வேண்டாம் என்று இருந்திருக்கிறார். அது லேசுப்பட்ட காரியமில்லை. நான் ஒருமுறை இந்த மாதிரி எழுதப்போய், 'அவள் கண்கள் கலங்கின' என்று முடித்தேன். நண்பர் ஒருவர் பென்சிலால் அந்த வரியை அடித்துக் காட்டினார். வீம்புக்கு அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.

அடுத்து 'அன்பளிப்பு' வாசியுங்கள். 1970இல், அவர் மறைந்த பிறகு, சாகித்திய அகாதெமி விருது பெற்ற தொகுப்பின் தலைப்புக் கதை. சாரங்கன் என்ற பையன் கதைசொல்லியைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைக்கும் இடத்தில் நிறுத்தி, பையன் என்ன செய்யப்போகிறான் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.