முட்டுக் கொடுக்காமல் வண்டிக்கு அடியில் போகாதே, தம்பி

பெரியபட்டினத்திலிருந்து சவூதியில் ஜுபைல் பக்கம் ஒரு கம்பெனி யார்டுக்கு மெக்கானிக்காக வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறாய். கேம்ப் சாப்பாடு இறங்கவில்லை, பணம் எப்படி அனுப்புவது, அரபி எப்போது வரும் என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி: "காக்கா (அண்ணா), யார்டில் ஃபோர்டு எஃப்-250 பிக்கப் நாலு நிற்கிறது, எல்லாவற்றுக்கும் பின்னால் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாற்றணும், ஜாக் வாங்க எழுதிக்கொடு என்று ஃபோர்மேன் சொல்கிறார், ரெண்டு டன் போதுமா, மூணு டன்னா?"

சாப்பாடும் அரபியும் தானாகப் பழகிவிடும். பணத்தைப் பேங்க் வழியாக மட்டும் அனுப்பு. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டன் கணக்கு. எஃப்-250 வெறுமனே நின்றாலே மூன்று டன் பக்கம், சாமானும் ஏற்றினால் நாலரை டன்னைத் தொடும். ஒரு முனையை மட்டும் தூக்கும்போது ஜாக்கில் ஏறுவது ஏறத்தாழ பாதி எடைதான், அதனால் மூணு டன் ட்ராலி ஜாக், அதாவது அடியில் சக்கரம் வைத்த ஜாக், எடைக்குப் போதும். ஆனால் உன் வேலைக்கு எடையை விட உயரம் முக்கியம். கார் ஷெட்டில் பார்க்கிற ரெண்டு டன் குட்டி ஜாக் முப்பத்தைந்து செ.மீ.க்குக் கொஞ்சம் முன்பின்னாகத்தான் ஏறும். இந்த வண்டியின் அடிச்சட்டம், அந்த சேஸிஸே அதற்கு மேலேதான் இருக்கிறது. அப்புறம் சேஸிஸைப் பிடித்துத் தூக்கினால் ஆக்சில் கீழே தொங்கிக்கொண்டே வரும், ஜாக் முழுதும் ஏறியும் சக்கரம் மண்ணை விடாது. அந்த நேரத்தில்தான் பையன்கள் ஜாக் மேல் கட்டை மேல் கட்டையாக அடுக்குகிறார்கள். அது ஒரு பக்கம் பிளந்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஐம்பது செ.மீ.க்குக் குறையாமல் ஏறுகிற, நீளமான உடம்புள்ள ட்ராலி ஜாக் என்று எழுதிக்கொடு. அலுமினியம் வேண்டாம், இரும்பே இருக்கட்டும், யார்டில் யாரும் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கப் போவதில்லை.

ஆனால் அந்தத் தாளில் முதல் வரியாக ஜாக்கை எழுதாதே. முதல் வரி: ஆறு டன் ஸ்டாண்ட், நாலு. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற இரும்பு முட்டு அதுதான். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான். உள்ளே ஒரு ரப்பர் சீல், கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆறு டன் எதற்கு என்று பர்ச்சேஸ்காரர் கேட்பார். மூணு டன் ஸ்டாண்ட் நாற்பது செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டும், ஆறு டன் ஸ்டாண்ட் அறுபது வரை வரும், உயரத்துக்காகத்தான் கேட்கிறேன் என்று சொல். ஆக்சிலில் ஜாக் கொடுத்துத் தூக்கி, சேஸிஸுக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, பிறகு ஜாக்கை மெல்ல இறக்கினால் ஆக்சில் தளர்ந்து தொங்கும். ஜாக்கை அப்படியே ஆக்சிலுக்கு அடியில் விட்டுவைத்துப் பட்டையைக் கழற்று. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் உருளாதபடி அடைக் கட்டை வை. பின் முனையைத் தூக்கிய பிறகு ஹேண்ட் பிரேக்கை நம்பாதே, அது பின் சக்கரத்தில்தான் பிடிக்கிறது. தாபூக் கல்லை (சிமென்ட் ஹாலோ பிளாக்) ஸ்டாண்டாக வைக்கிற பழக்கம் இங்கே நிறைய, அதை நீ செய்யவே கூடாது. உள்ளே பொள்ளலான கல் சொல்லாமல் உடையும். ஜாக்கில் எண்ணெய் குறைந்தால் பிரேக் ஆயில் ஊற்றுகிறவர்களும் உண்டு, சீல் ஊதிக் கெட்டுவிடும், ஜாக் ஆயிலே கேட்டு வாங்கு.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. 1997-ல் மெக்கானிக் என்று சொல்லிக் கூட்டிவந்து ஹெல்பராக விட்டார்கள். ராமநாதபுரத்தில் லாரி ஷெட்டில் இரண்டு வருஷம் இருந்தவன், எனக்கு என்ன தெரியாது என்ற நினைப்பில் இருந்தேன். ஜூலை மாதம், மணல் தரை, ட்ராலி ஜாக். ட்ராலி ஜாக்கின் கை நேராக ஏறாது, வில் போல வளைந்து ஏறும், அதற்கு ஈடாக அடியில் உள்ள சக்கரம் உருண்டு நகர வேண்டும். மணலில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது, தலை மட்டும் ஆக்சிலில் வழுக்கிக்கொண்டே போனது, நான் பட்டைக்குக் கீழே படுத்து போல்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். வண்டி இறங்கிய சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. கழற்றிய டயரை பெஷாவர் பக்கத்துப் பட்டாணி உஸ்தாத் (மூத்த மெக்கானிக்) ஒருவர் "டயர் நீச்சே டாலோ" என்று திட்டிக்கொண்டே சேஸிஸுக்கு அடியில் உருட்டித் தள்ளியிருந்தார். அந்த டயரின் மேல்தான் வண்டி உட்கார்ந்தது. என் முகத்துக்கும் சேஸிஸுக்கும் ஒரு சாண் இருந்தது.

கமான் பட்டை வேலையில் அந்தப் பட்டாணி உஸ்தாதுகளை மிஞ்ச ஆள் இல்லை, உன் யார்டில் ஒருவர் இருந்தால் டீ வாங்கிக்கொடுத்துக் கூடவே நில். பட்டையோடு அதை ஆக்சிலில் பிடிக்கிற யூ போல்ட்டையும் புதிதாகப் போட வேண்டும், பட்டை முனை வளையத்தில் போகிற கண் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கும்போது வண்டி தரையில் நிற்க வேண்டும், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டைத் திரும்ப முறுக்க வேண்டும், மூன்றும் என்னைக் காப்பாற்றிய அந்த உஸ்தாதிடம் படித்ததுதான். வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போகிற நம் ஊர் சபுராளிகள் மேல்தான் எனக்கு வருத்தம். லீவில் வந்தால் சென்ட் பாட்டிலும் டார்ச் லைட்டும் வீடு வீடாகக் கொடுப்பார்கள், அங்கே வேலை எப்படி, எதில் கை போகும் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். நான் அப்படி இருக்கக் கூடாது என்று தம்மாம் சனையாவில் (ஒர்க்ஷாப்கள் இருக்கிற தொழிற்பேட்டை) என்னிடம் வந்த ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாள் ஸ்டாண்ட் வைக்கத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இத்தனைக்கும் நமக்கு இது தெரிந்த வேலை. கீழக்கரையில் வாப்பா வத்தையை (மரப் படகு) கரையேற்றி அடி சுரண்டும்போது மணலில் முதலில் பனம்பலகை போடுவார், அப்புறம் இரண்டு பக்கமும் முட்டு, ஒரு முட்டை ஆட்டிப் பார்த்து, மறு முட்டையும் ஆட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் எங்களைக் கிட்டே விடுவார். பக்கத்தில் போய் நின்றாலே அதட்டுவார். அந்தப் பலகையை நான் மறந்துதான் இங்கே மணலில் ஜாக் போட்டேன். உன் யார்டும் மணல் என்றால் ஜாக்குக்குக் கனமான இரும்புத் தகடு ஒன்றும், ஸ்டாண்டுகளுக்கு நாலும் வெட்டி வாங்கு, ஜாக் அதன் மேல் உருளும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும். தார்த் தரை என்றாலும் தகடு வேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது, மூன்று மணிக்கு நீ திரும்பி வரும்போது தார் இளகி ஸ்டாண்டின் கால் இறங்கியிருக்கும். தகடு இருந்தாலும் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டு அடியில் போ.

எழுதிய தாளை ஃபோர்மேனிடம் கொடுக்கும் முன் படம் எடுத்து எனக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நானே வருகிறேன், முதல் வண்டியைச் சேர்ந்து தூக்குவோம். அதுவரை எவர் அவசரப்படுத்தினாலும் அந்த நாலில் ஒன்றின் அடியிலும் படுக்காதே.