50 ரூபாய் அபராதத்தைக் கட்டிவிடாதீர்கள்

கேள்வி: பொள்ளாச்சி சந்தையில் 11 மாடுகள் பிடித்து ஒரே லாரியில் பாலக்காட்டுக்கு அனுப்பினேன். சந்தை ரசீது இருக்கிறது. எல்லைக்கு முன்பே ஒரு அமைப்பினர் வண்டியை மறித்து, டிரைவரை அடித்து, போலீஸில் ஒப்படைத்தார்கள். மாடுகள் இப்போது கோசாலையில் இருக்கின்றன. மற்றவர்கள் ஒரே வண்டியில் இருபது மாடு ஏற்றுகிறார்கள், என்னை மட்டும் பிடித்தது அநியாயம். முதல் வாய்தாவிலேயே அபராதம் கட்டி முடித்துவிடலாம் என்கிறார் டிரைவர். கட்டிவிடலாமா?

பதில்: கட்டக் கூடாது. டிரைவரையும் கட்ட விடாதீர்கள்.

டிரைவரை அடித்தது தனிக் குற்றம், அதற்குத் தனிப் புகார் கொடுங்கள். மற்ற லாரிகளின் கதை நீதிமன்றத்தில் எடுபடாது. ரசீது, மாடு உங்களுடையது என்று காட்டும், அவ்வளவுதான். வழக்கு, அதை எப்படி ஏற்றினீர்கள் என்பது பற்றியது. விலங்குகளை ஏற்றிச் செல்வது பற்றிய 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டும். நீங்கள் சான்று பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது அபராதம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது, முதல் குற்றத்துக்கு அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான். அந்தத் தொகையைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வழக்குச் சொத்தான, அதாவது வழக்கில் பிடித்து வைத்த விலங்குகளுக்கென்று 2017-இல் தனி விதிகள் வந்துவிட்டன. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், மாட்டின் உரிமையைப் பறித்து அதை வைத்திருக்கும் கோசாலைக்கே கொடுத்துவிட வேண்டும் என்கிறது விதி. முதல் வாய்தாவில் அபராதம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான். 50 ரூபாயோடு 11 மாடுகளும் போகும்.

என்னிடம் வந்த ஒரு வியாபாரிக்கு இதுதான் நடந்தது. டிரைவர் வெளியூர்க்காரர், வாய்தாவுக்கு அலைய முடியாமல் ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். மாட்டைத் திருப்பிக் கேட்டு நாங்கள் மனுவோடு போனபோது உத்தரவு ஆகியிருந்தது. வட்டிக்கு வாங்கிய பணத்தில் பிடித்த மாடுகள். மாட்டின் உரிமையை எப்போது பறிக்கலாம் என்று சொல்லும் சட்டத்தின் 29-வது பிரிவைத் தாண்டி விதி போக முடியாது என்று மேலே வாதாடலாம், நல்ல வாதம்தான். ஆனால் அது முடிகிற வரை கோசாலையில் மாடு இருக்குமா?

அதனால் இந்த வாரமே இடைக்காலப் பொறுப்பு கேட்டு, அதாவது வழக்கு முடியும் வரை மாடுகளை உங்களிடம் ஒப்படைக்கக் கேட்டு, வக்கீலை மனு போடச் சொல்லுங்கள். இது முதல் குற்றமா, பிடிபட்டபோது மாடுகள் எந்த நிலையில் இருந்தன, திரும்ப வதைபடுமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இலேயே சொல்லியிருக்கிறது. எனவே இனி வண்டிக்கு 6 மாடு, மருத்துவர் சான்று, வழியில் தண்ணீர், தீவனம் என்று உறுதிமொழி எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்தபடி நடக்கவும் வேண்டும்.

பராமரிப்புச் செலவு நாளுக்கு நாள் ஏறும். மாட்டுக்காரர், லாரிக்காரர், வாங்குபவர் எல்லோரும் சேர்ந்து பொறுப்பு. அதில் வழக்காடாதீர்கள். கோசாலைக்காரர்களோடு உட்கார்ந்து பேசி ஒரு தொகைக்கு வந்துவிடுங்கள். அடிபட்ட மாடு ஒன்றிரண்டு இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நஷ்டம்தான், ஆனாலும் விடுங்கள்.

அப்புறம், மனு போடும் முன் நீங்களே போய் மாடுகளைப் பாருங்கள். நான் அந்த வியாபாரியோடு போயிருந்தேன். ஒரு பசுவுக்கு முன்னங்கால் முட்டியில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. படுத்தால் எழுப்புவதற்காகக் கண்ணில் தேய்த்த மிளகாயின் விதை இமையோரம் ஒட்டிக் கிடந்தது. அது தன் மாடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உங்கள் மாடுகளில் ஒன்று அப்படி இருந்தாலும் முதலில் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். விலங்கைக் கொல்வது, முடமாக்குவது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 325-வது பிரிவைச் சேர்த்துவிட்டால் ஐந்து வருடம் வரை சிறை இருக்கிறது.